பிரம்பு மந்திரமும் வகுப்பறைக் கூச்சலும்

(பெற்றோர்களும் உபாத்தியாயர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாம் இன்று சாமியைப் பற்றியோ, சடங்கைப் பற்றியோ, புராணத்தைப் பற்றியோ பேசுவோம் என்று எண்ணிச் சிலர் வந்திருக்கலாம். அவர்களுக்கு ஏமாற்றமாய்த்தான் இருக்கும். இன்று எடுத்துக்கொண்ட விஷயம், உயர்நிலைப் பள்ளிக்கூட வகுப்புகளில் பிள்ளைகள் செய்கிற கூச்சலும் குழப்பமும் ஏன் உண்டாகின்றன, அவற்றை எப்படி வராமல் தடுப்பது, வந்தால் எப்படிச் சமாளிப்பது என்பதாகும். "இதற்கும் சுயமரியாதைக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒரு தோழர் வரும் வழியிலேயே நம்மைக் கேட்டுவிட்டார். சம்பந்தம் உண்டா இல்லையா என்பதைப் பேச்சு முடிந்த பிறகு அவரே சொல்லட்டும்.

நம் நாட்டில் பிள்ளையைப் பள்ளியில் கொண்டுபோய் விடுகிற தகப்பன் உபாத்தியாயரிடம் வழக்கமாய்ச் சொல்லுகிற ஒரு வார்த்தை உண்டு. "கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள், மற்றபடி தோலை உரித்தாலும் ஏன் என்று கேட்கமாட்டேன்" என்பான். தன் மாட்டை ஒருவனிடம் ஓட்டிவிடும்போதுகூட "பார்த்து அடி அப்பா" என்று சொல்லுகிறவன், தன் பிள்ளை விஷயத்தில் இப்படிப் பேசுகிறான். அதில் அவனுக்குப் பெருமையும் இருக்கிறது. படிப்பின்மேல் தனக்கு எவ்வளவு அக்கறை என்பதை இப்படித்தான் காட்ட வேண்டும் என்று அவனுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

உபாத்தியாயர்கள் பக்கம் போனால் அவர்கள் வேறு ராகம் பாடுகிறார்கள். "பிரம்பைப் பிடுங்கிக்கொண்டார்கள், அன்றோடு ஒழுங்கும் போயிற்று, அடியாத மாடு படியுமா?" என்கிறார்கள். ஆக, பெற்றோர் அடி என்கிறார்கள். உபாத்தியாயர் அடிக்க விடவில்லையே என்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரு விஷயத்தில் சந்தேகமே இல்லை. அடித்தால் அடங்கும் என்பதே அது. இந்த நம்பிக்கைதான் பூராவும் மூடநம்பிக்கை என்று நாம் சொல்லுகிறோம்.

எப்படி என்று கேட்பீர்கள். காய்ச்சல்காரனுக்கு விபூதி போடுகிறான் பூசாரி. மறுநாள் காய்ச்சல் இறங்குகிறது. விபூதியால் இறங்கிற்று என்று வீட்டார் நம்புகிறார்கள். காய்ச்சல் உச்சத்துக்குப் போன பிறகு தானாகவே இறங்கக் கூடியது என்பதையும், உச்சத்துக்குப் போன பிறகுதான் பூசாரியைக் கூப்பிட்டார்கள் என்பதையும் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. மழையில்லாமல் வறட்சி முற்றின பிறகு கழுதைக்குக் கலியாணம் செய்கிறார்கள். முற்றின வறட்சிக்கு அடுத்தது மழைதானே! வகுப்பறைப் பிரம்பும் இப்படியே. சத்தம் பொறுக்க முடியாத உச்சத்துக்குப் போனால்தான் உபாத்தியாயர் பிரம்பை எடுக்கிறார். உச்சத்துக்குப் போன சத்தம் அவர் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் தணியும். தணிந்த பெருமை பிரம்புக்குப் போகிறது. மறுநாள் அதே வகுப்பு, அதே சத்தம், அதே பிரம்பு. பத்து வருஷமாக ஒரே மருந்தைக் கொடுத்தும் ஒரே வியாதி வருகிறதென்றால், மருந்தைப் பற்றிச் சந்தேகப்பட வேண்டாமா?

இது நம் கற்பனை அல்ல. டேனியல் கானமன் என்று ஒரு மனோதத்துவ அறிஞர் இருந்தார்; 2002-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். அவர் இஸ்ரேல் நாட்டில் ஆகாயப்படைப் பயிற்சி ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்தினார். திட்டுவதைவிடப் பாராட்டுவதே கற்பவனுக்கு நல்லது என்று அவர் சொல்ல, அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவர் எழுந்து, "எங்கள் அனுபவம் நேர்மாறு, நன்றாய் ஓட்டினவனைப் பாராட்டினால் அடுத்த தடவை கெடுத்துக்கொள்ளுகிறான், மோசமாய் ஓட்டினவனைக் கத்தினால் அடுத்த தடவை சரியாய் ஓட்டுகிறான்" என்றாராம். கானமன் யோசித்துப் பார்த்தார். மிகமிக நன்றாய்ச் செய்த ஒருவன் அடுத்த தடவை தன் சராசரிக்கு இறங்குவான். மிகமிக மோசமாய்ச் செய்தவன் தன் சராசரிக்கு ஏறுவான். பாராட்டினாலும் திட்டினாலும் சும்மா இருந்தாலும் இதுவே நடக்கும். ஆசிரியர் கண்ணுக்கோ, தன் திட்டே மருந்தாகவும் பாராட்டே விஷமாகவும் தெரிகிறது. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர்களே இப்படி ஏமாந்தார்கள் என்றால், நம் ஊர் வாத்தியார் ஏமாந்ததில் அதிசயமில்லை. பூசாரி மட்டுமாவது தெரிந்தே ஏமாற்றுகிறான், வாத்தியார் தானே ஏமாந்துபோகிறார், வித்தியாசம் அவ்வளவுதான்.

நிற்க. குழப்பம் என்று சொல்லுகிறோமே, அது என்ன? சீமையில் 1986-ல் செய்த ஒரு சட்டத்தினால், 1987-லிருந்து அரசாங்கப் பணம் பெறும் பள்ளிகளில் பிரம்படி நிறுத்தப்பட்டது. இனிமேல் பள்ளிகள் கெட்டுக் குட்டிச்சுவராய்விடும் என்று பத்திரிகைகள் கூக்குரலிட்டன. எல்டன் பிரபு என்பவர் தலைமையில் ஒரு கமிட்டி போட்டு விசாரித்தார்கள். 1989-ல் அது அறிக்கை கொடுத்தது. உபாத்தியாயர்களை அடிப்பதும் நாற்காலியை உடைப்பதும்தான் பெரிய தொல்லையாயிருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு, அவை அபூர்வம் என்று பதில் வந்தது. அவர்களை அன்றாடம் அரித்துத் தின்றது என்னவென்றால், முறை வருமுன் பேசுவது, பக்கத்துப் பிள்ளையைச் சீண்டுவது, வேலை செய்யாமல் தட்டிக்கழிப்பது போன்ற சில்லறைக் காரியங்களே. இங்குள்ள உபாத்தியாயத் தோழர்களைக் கேட்கிறோம்: உங்கள் அனுபவமும் அதுதானே? கொசுக் கடிக்குக் கோடாலி எடுக்கிறவனை என்னவென்று சொல்லுவது?

இந்தச் சில்லறைக் காரியங்களை யார் எப்படித் தடுக்கிறார்கள் என்று ஆராய்ந்தவர் அமெரிக்காவில் ஜேக்கப் கூனின் என்பவர். அவர் கதை வேடிக்கையானது. அவரே ஒரு கல்லூரி ஆசிரியர். ஒரு நாள் பாடம் நடத்தும்போது பின்னாலிருந்த ஒரு மாணாக்கன் பத்திரிகையை விரித்துப் படித்துக்கொண்டிருப்பதைக் கண்டு அவனைக் கண்டித்தார். கண்டிக்கப்பட்டவன் ஒருவன், மற்றவர்கள் எல்லோரும் திடீரென்று கண்ணைக் காகிதத்தில் பதித்து விறைத்துப் போனார்கள். "குற்றம் செய்யாதவர்களை என் வார்த்தை ஏன் தாக்கிற்று?" என்று அவர் யோசிக்கத் தொடங்கினார். ஒருவனைக் கண்டிக்கும் விதம் மற்றவர்களை எப்படிப் பாதிக்கிறது, எந்தவிதமாய்க் கண்டித்தால் அமைதி வருகிறது என்று வருஷக்கணக்காய் ஆராய்ந்தார். வகுப்புகளுக்குள் காமிராக்களை வைத்துப் படம் பிடித்தார். 1970-ல் புஸ்தகம் வெளியிட்டார்.

முடிவு என்ன தெரியுமா? நல்ல ஆசிரியருக்கும் திண்டாடும் ஆசிரியருக்கும் கண்டிக்கும் விதத்தில் சொல்லத்தக்க வித்தியாசமே இல்லை! கடுமையாய்ச் சொன்னாலும் மெதுவாய்ச் சொன்னாலும், குழப்பம் வந்த பிறகு சொல்லுவதில் பலன் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசமெல்லாம் குழப்பம் வருவதற்கு முன்னால் இருந்தது. அவர் படம் பிடித்தவை பெரும்பாலும் சின்ன வகுப்புகள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் நாற்பது ஐம்பது பேரை ஓரறையில் வைத்து வேலை வாங்குவது எந்த வயதிலும் ஒரே வேலைதான்.

அந்த வித்தியாசம் என்ன என்பதை நம் ஊர்ப் பஸ் கண்டக்டரைக் கொண்டு சொல்லலாம். எழுபது பேர் ஏறின பஸ்ஸில் அவர் கையில் பிரம்பில்லை. டிக்கெட்டுக் கிழித்துக்கொண்டே படிக்கட்டில் தொங்குகிறவனைப் பார்க்கிறார். சில்லறை கொடுத்துக்கொண்டே கிழவிக்கு இடம் கேட்கிறார். ஒரு பார்வை, ஒரு விசில், வண்டி நிற்பதில்லை. யார் டிக்கெட் வாங்கவில்லை என்பது அவருக்குத் தெரியும் என்று எல்லோருக்கும் தெரியும். கூனின் கண்ட நல்ல ஆசிரியரும் இப்படியே. முதுகிலும் கண்ணுள்ளவர் என்று பிள்ளைகள் அவரை நம்புகிறார்கள். சீண்டினவனை விட்டுச் சீண்டப்பட்டவனைப் பிடிக்கமாட்டார். இரண்டு பேர் பேசுவது இருபது பேருக்குப் பரவும்வரை காத்திருக்கமாட்டார். ஒருவன் நோட்டைத் திருத்திக்கொண்டே மற்றொருவனைக் கவனிப்பார். முக்கியமாய், பாடம் நின்று நின்று போகாது. ஒருவன் பேசினதற்காக அறுபது பேர் பாடத்தை நிறுத்திக் கால்மணி நேரம் உபதேசம் செய்கிற ஆசிரியரைப் பாருங்கள்: அந்தக் கால்மணியில் யார் வகுப்பைக் குழப்பினது? அவன் அரை நிமிஷம். இவர் பதினைந்து நிமிஷம்.

குழப்பத்துக்குக் காரணம் தேடாமல் தண்டனை தேடுவதால் என்ன கெடுதி வரும் என்பதற்கு நம் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டியிருக்கிறது. ஏழாம் வகுப்பில் நாம் கடைசிப் பெஞ்சு. கரும்பலகையில் எழுதுவது நமக்குப் புகைபோல்தான் தெரியும். எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும்போலும் என்று எண்ணிக்கொண்டு, பக்கத்துப் பையனைக் கேட்டுக் கேட்டு எழுதினோம். அதற்குப் பெயர் "பேசுதல்". அதற்காக அடிபட்டோம், முட்டி போட்டோம், வெளியே வெயிலில் நின்றோம். நின்ற நாட்களில் பாடம் போயிற்று. பாடம் போனதால் கேள்விக்கு விடையில்லை. விடையில்லாததால் மறுபடியும் அடி. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. இருபத்தாறாம் வயதில் ஒரு இலவசக் கண் முகாமில் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். வெளியே வந்து எதிர்த் தெருக் கடைப் பலகையைப் படித்தபோதுதான், நாம் மக்குப் பிள்ளையல்ல, கிட்டப்பார்வைப் பிள்ளை என்பது தெரிந்தது. இரண்டு வருஷம் அடித்தவர்களில் ஒருவராவது, "ஏனப்பா பேசுகிறாய்?" என்று ஒருநாள் கேட்டிருந்தால் போதும். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. கேட்பதைவிட அடிப்பது சுலபம் என்று பழக்கப்பட்டவர்கள்.

அதனால் இப்போது நாம் எந்தப் பள்ளிக்குப் போனாலும் முதலில் பார்ப்பது கடைசிப் பெஞ்சைத்தான். அங்கே உட்கார்ந்திருக்கிறவன் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறான்? உயரமா? கண்ணா, காதா? பசியா? விடியற்காலம் பேப்பர் போட்டுவிட்டு, பால் ஊற்றிவிட்டு வருகிறவனா? ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலுள்ள பிள்ளைகளுக்கென்று தமிழ்நாட்டில் 2022-ல் காலைச் சிற்றுண்டி தொடங்கினார்கள், நல்ல காரியம். நீதிக்கட்சியார் 1920-ல் சென்னை ஆயிரம்விளக்குப் பள்ளியில் மத்தியான உணவு போட்ட காரியத்தின் தொடர்ச்சி அது. ஆனால் ஆறாம் வகுப்புக்கு ஏறினவுடன் காலைப் பசி நின்றுவிடுகிறதா? காலையில் வெறும் வயிற்றோடு வந்தவன் மூன்றாவது பீரியடில் மேஜையைத் தட்டினால், அது திமிர் என்று பெயர் பெறுகிறது.

இனி உபாத்தியாயத் தோழர்களுக்குச் சில வார்த்தை. நாம் வகுப்பு நடத்தினவரல்ல. ஆனால் பல நல்ல உபாத்தியாயர்களின் வகுப்பு வாசலில் நின்று பார்த்திருக்கிறோம். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு வருகிற பீரியட்தான் எங்கும் கஷ்டமானது. அந்தப் பீரியடுக்கு மணி அடிக்கும்போதே வாசலில் நிற்கிற ஆசிரியருக்குப் பாதித் தொல்லை இல்லை. அவர் ஒவ்வொரு பையனையும் பெயர் சொல்லி உள்ளே விடுகிறார். பலகையில் ஒரு கணக்கோ கேள்வியோ முன்கூட்டியே எழுதியிருக்கிறது. உட்கார்ந்தவுடன் கைக்கு வேலை. நோட்டுகளை அறுபது பேரும் எழுந்து வந்து மேஜைமேல் மொய்த்து எடுப்பதில்லை. வரிசைக்கு ஒருவன் எடுத்துக் கொடுக்கிறான். பலகைப் பக்கமே திரும்பி ஐந்து நிமிஷம் எழுதிக்கொண்டிருப்பதில்லை. பேசுகிறவன் பக்கத்தில் நடந்துபோய் நின்றுகொண்டு பாடத்தைத் தொடருகிறார். அவன் பெயரைச் சொல்லாமலே பேச்சு நிற்கிறது. நிற்காவிட்டால் அவனைப் பாடம் முடிந்த பிறகு தனியே கூப்பிடுகிறார். நாலு பேருக்கு முன்னால் மானத்தை வாங்கினால், பதினாலு வயதுப் பையன் அந்த நாலு பேருக்காகவே எதிர்த்துப் பேசியாக வேண்டும். தனியே கேட்டால் அவனுக்கு நடிக்க வேண்டிய அவசியமில்லை.

கேள்வி கேட்பதிலும் ஒரு சூக்ஷ்மம் இருக்கிறது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க அம்மையார் 1970-களில் ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு எத்தனை நேரம் பொறுக்கிறார்கள் என்று கடிகாரம் வைத்துப் பார்த்தார். சுமார் ஒரு வினாடி! அதற்குள் விடை வராவிட்டால் அடுத்தவன். மூன்று வினாடிக்கு மேல் பொறுத்தபோது விடைகள் நீண்டன. பேசாத பிள்ளைகள் பேசினார்கள். அதட்ட வேண்டிய அவசியமும் குறைந்தது. இன்னொன்றையும் அவர் கண்டார்: கெட்டிக்காரன் என்று ஆசிரியர் எண்ணினவனுக்கு அதிக நேரம் பொறுத்தார்கள், மக்கு என்று எண்ணினவனுக்குக் குறைவாய்ப் பொறுத்தார்கள். யோசிக்க அதிக நேரம் தேவைப்படுகிறவனுக்குக் குறைந்த நேரம்! நம் நாட்டில் யாரை மக்கு என்று முன்கூட்டியே எண்ணுகிறார்கள் என்பதை நாம் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டுமா?

செய்யக்கூடாதவை என்று பார்த்தால் முதலாவது, பேசியவர்கள் பெயரைப் பலகையில் எழுதுகிற சட்டாம்பிள்ளை வேலை. உபாத்தியாயர் வெளியே போகிறார்; வகுப்புத் தலைவன் சாக்குக்கட்டியை எடுக்கிறான்; தனக்குப் பிடிக்காதவன் பெயரை எழுதிப் பக்கத்தில் பெருக்கல் குறி மேல் பெருக்கல் குறி போடுகிறான். அடி வாங்குகிறவன் எந்தத் தெருப் பையன், எழுதுகிறவன் எந்தத் தெருப் பையன் என்று ஒரு மாதம் கணக்கெடுத்துப் பாருங்கள். இந்தச் சட்டாம்பிள்ளை முறைக்கு ஒரு சரித்திரமும் உண்டு. சென்னை எழும்பூர் அநாதைப் பள்ளியில் இருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக்கொடுக்கிற வழக்கத்தை இங்கே கையாண்டு, 1797-ல் சீமையில் புஸ்தகம் போட்டுச் "சென்னை முறை" என்ற பெயராலேயே பரப்பினார். அங்கே போனது சொல்லிக்கொடுக்கிற வேலை. இங்கே மிஞ்சினது ஒற்று வேலை.

இரண்டாவது, ஒருவன் தப்புக்கு வகுப்பு முழுவதையும் முட்டி போட வைப்பது. ஒருவன் பாவம் ஏழு தலைமுறைக்கு என்கிற புராண நியாயத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மூன்றாவது, வாய்ச்சொல். "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு", "உன் அப்பன் தொழிலுக்கே போ" என்பது. மாடு மேய்ப்பது இழிவா? அந்த வகுப்பில் மாடு மேய்க்கிறவர் பிள்ளை பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்கள் காதில் இது எப்படி விழும்? அப்பன் தொழிலுக்குப் போ என்பது வர்ணாசிரம தர்மத்தின் சட்டம். அதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு சர்க்கார் பள்ளியில் ஒருவர் உபதேசிக்கிறார். உபதேசிக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. பிரம்படி இரண்டு நாளில் ஆறும். இந்தச் சொல்லைப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தகப்பனிடம் சொல்லவும் முடியாமல் மனதில் வைத்துக்கொள்ளுகிறது.

இப்போது சில்லறைக் குழப்பத்தை விட்டு, உயிர் போகிற குழப்பத்துக்கு வருவோம். 2023 ஆகஸ்டு மாதம் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த ஒரு தாழ்த்தப்பட்ட வகுப்புப் பையனை, கூடப் படித்த பிள்ளைகளே இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். பள்ளியில் தன்னை இழிவுபடுத்துகிறார்கள் என்று அவன் சொன்னதுதான் குற்றம். அந்தப் பையன் பிழைத்து, அடுத்த வருஷப் பரீட்சையில் 600-க்கு 469 மார்க்கு வாங்கினான். அவனைப் பாராட்டாதவர் இல்லை. ஆனால் நாம் கேட்பது வெட்டினவர்களைப் பற்றி. அந்தப் பதினேழு வயதுக் கைகளில் அரிவாள் ஒரே நாளில் வரவில்லை. அதற்கு முன் என்ன இருந்தது? மணிக்கட்டில் கயிறு இருந்தது. ஜாதிக்கு ஒரு நிறம். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் தனிப் பெஞ்சு. விளையாட்டில் தனிக் கோஷ்டி. கேலிக்குத் தனிப் பாட்டு. இதையெல்லாம் ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தினவர்கள், நகம் வெட்டாதவனையும் தலை வாராதவனையும் பிடித்து அடித்திருப்பார்கள்!

இந்தக் கயிற்றைத் தடுக்கும்படி 2019-ல் பள்ளிக்கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பிற்று. உடனே அது மதத்தில் கைவைப்பது என்று ஒரு கூட்டம் கூச்சலிட்டது. அப்போதைய மந்திரி, தமக்குத் தெரியாமல் போன சுற்றறிக்கை, பழைய நிலையே தொடரும் என்று சொல்லிவிட்டார். நான்கு வருஷம் கழித்து நாங்குநேரி. அதன் பிறகு ஓய்வுபெற்ற ஹைகோர்ட்டு ஜட்ஜ் சந்துரு அவர்களைக் கொண்டு ஒருநபர் கமிட்டி போட்டார்கள். 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். கயிறு, மோதிரம், நெற்றிக் குறி முதலியவை கூடாது. பள்ளிப் பெயர்களில் ஜாதிப் பெயர் கூடாது. பிள்ளைகளை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும். ஐந்நூறு பேருக்கு மேல் படிக்கிற உயர்நிலைப் பள்ளிகளில் பிள்ளைகள் நலனைக் கவனிக்கத் தனி அதிகாரி வேண்டும் என்றெல்லாம் அதில் சொல்லியிருக்கிறார். இவற்றில் அகர வரிசை என்பது சாதாரணமாய்த் தோன்றும். காலணாச் செலவில்லாத காரியம். எவன் பக்கத்தில் எவன் உட்காருவது என்பதை ஊர்த் தெரு தீர்மானிக்காமல் அகரமும் இகரமும் தீர்மானிக்கின்றன. இதற்கும் ஆட்சேபம் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால், அவர்களுக்கு எதில் பயம் என்று விளங்கவில்லையா?

"நாங்களெல்லாம் அடிபட்டுத்தானே மனிதர்களானோம்" என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். அடிபட்டும் மனிதனானவன் வந்து மேடையில் பேசுகிறான்; அடிபட்டு ஓடிப்போனவன் எந்த மேடையில் பேசுவான்? திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் கோதண்டம் என்று பையனைக் கயிற்றில் தொங்கவிட்டார்கள். அப்போது நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? பெரியார் அவர்கள் சிறு பிராயத்தில் அடங்காத பிள்ளை என்று பெயர் வாங்கினவர் என்பதும், காலில் விலங்குக் கட்டை போட்டுப் பார்த்தார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிந்த விஷயம். கூடாதென்று சொன்ன ஜாதியார் வீட்டில் தண்ணீர் குடிப்பதை அந்தக் கட்டை நிறுத்திற்றா?

"அப்படியானால் உபாத்தியாயருக்குப் பாதுகாப்பு யார்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2012-ல் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணாக்கன் ஒருவன் வகுப்பறையிலேயே தன் ஆசிரியையைக் குத்திக் கொன்றான். 2022 ஏப்ரலில் வேலூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் பிள்ளைகள் மேஜை பெஞ்சுகளை உடைப்பதும், ஆசிரியரை அடிக்கக் கை ஓங்குவதும் கைபேசிப் படங்களாய் ஊரெல்லாம் ஓடின. பார்த்தவர்களெல்லாம் கலிகாலம் என்றார்கள். கலி என்ன பஞ்சாங்கத்தில் ஏப்ரல் மாதமா பிறந்தது? 2020 மார்ச்சு முதல் தொற்றுநோய்க்காகப் பள்ளிகள் மூடப்பட்டு, இடையில் கொஞ்ச நாள் தவிர ஒன்றரை வருஷம் போலப் பிள்ளைகள் வகுப்பையே பார்க்கவில்லை. எத்தனையோ பேர் கூலி வேலைக்குப் போய்ச் சொந்தக் காசு பார்த்துவிட்டு, மறுபடியும் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். பாதிப் பாடம் புரியாத பிள்ளைகளை அப்படியே பரீட்சைக்குத் தள்ளினார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு யுகத்தின்மேல் பழி போடுவதால் ஒரு பெஞ்சாவது உடையாமல் இருக்குமா? உபாத்தியாயரை அடிக்க ஓங்கின கை தப்பான கை. அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கைக்கு அடிதான் பேச்சு என்று முதலில் கற்றுக்கொடுத்தது யார் என்றும் கேட்கத்தான் வேண்டும்.

உபாத்தியாயர்களின் கஷ்டமும் நமக்குத் தெரியாததல்ல. அவர்களைக் குரு என்றும் தெய்வம் என்றும் சொல்லிக் கும்பிடுகிறோம்; கும்பிட்ட கையோடு கணக்கெடுப்பு வேலை, தேர்தல் வேலை, கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றுகிற வேலை எல்லாவற்றையும் தலையில் கட்டுகிறோம். ஒரு ஆசிரியர் லீவு போட்டால் இரண்டு வகுப்பை ஒன்றாய்ச் சேர்த்து அடைக்கிறோம். நூற்றிருபது பிள்ளைகளை ஓரறையில் அடைத்துவிட்டு ஒழுங்கு எங்கே என்று கேட்டால், அது ரயிலில் மூன்றாம் பேர் படுக்கையில் ஐந்து பேரை ஏற்றிவிட்டுத் தூங்கச் சொல்லுவது போன்றது. தெய்வத்துக்குச் சம்பளமும் வேண்டாம், உதவியாளரும் வேண்டாம். மனிதருக்கு இரண்டும் வேண்டும். ஆகையால் அவர்களை மனிதர்களாய் வைத்துக் கேட்க வேண்டியதைக் கேளுங்கள், கொடுக்க வேண்டியதைக் கொடுங்கள் என்கிறோம்.

பெற்றோர்களே! சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கல்வி விதிகளில் 51-ஆவது விதியை 2003-ல் மாற்றி உடல் தண்டனையை நீக்கினார்கள். 2009-ஆம் வருஷக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, உடலை வருத்துவது மட்டுமல்லாமல் மனதை நோகச் செய்வதையும் தடுக்கிறது. அதே சட்டத்தின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்குக்குக் குறையாமல் பெற்றோர்கள் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாய் இருக்க வேண்டும். இந்தக் குழுவில் உங்களில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? இருக்கிறவர்களில் எத்தனை பேர் கூட்டத்துக்குப் போய் டீயும் பிஸ்கட்டும் தின்றுவிட்டுக் கையெழுத்துப் போடாமல், வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள்?

அடுத்த கூட்டத்தில் கேட்க வேண்டியவற்றை இப்போதே சொல்லுகிறோம். வருஷத் தொடக்கத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கண்ணும் காதும் சோதித்தாயிற்றா? பெஞ்சு எந்த முறைப்படி போட்டிருக்கிறது. மாதத்துக்கொரு தடவை மாறுகிறதா? கயிறு கட்டி வருகிற பிள்ளையை அடிக்காமல், அதைக் கட்டிவிட்ட தகப்பனைக் கூப்பிட்டுப் பேசினீர்களா? பேசியவர்கள் பெயர் எழுதுவதை நிறுத்தினீர்களா? எத்தனை ஆசிரியர் இடம் காலி? இவ்வளவு கேட்டால் போதும். முதல் தடவை முகம் சுளிப்பார்கள். மூன்றாம் தடவை விடையோடு வருவார்கள்.

உபாத்தியாயத் தோழர்கள் சிலர் நாம் பேசும்போதே ஏதோ எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தோம். மறுப்பு இருந்தால் தாராளமாய்ச் சொல்லலாம். இங்கே தலைவர் மேஜைமேல் சீட்டும் பென்சிலும் வைத்திருக்கிறது. கேள்வியை எழுதிக் கொடுங்கள். பெயர் போட வேண்டியதில்லை. பிள்ளைகளும் எழுதலாம். அதோ, பின்னால் மரத்தடியில் இவ்வளவு நேரமும் பேசிக்கொண்டே இருந்த அந்த மூன்று பையன்களுக்கு முதலில் சீட்டுக் கொடுக்கும்படி தலைவரைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.